பால்டருக்காக ஒரு சொட்டு

"சும்மா அழறதுக்கு நான் என்ன வெங்காயமா உரிக்கிறேன்? போய் வேற வேலையப் பாரு," என்றாள் ராட்சசி கிரீமா. குகை வாசலில் உட்கார்ந்து ஆட்டுத்தோலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

கோல்பெய்ன் அவள் எதிரே மண்டியிட்டான். எல்லோருக்கும் செல்லமான தேவன் பால்டர் செத்து ஒன்பது நாளாகிறது. உலகத்தில் ஒன்று விடாமல் எல்லாம் அவனுக்காக அழுதால் திருப்பி அனுப்புகிறேன் என்று இறந்தவர்களின் அரசி ஹெல் வாக்குக் கொடுத்திருந்தாள். கெடு இன்று பொழுது சாயும்வரைதான். கோல்பெய்ன் ஊர் ஊராகப் போய்க் கல்லையும் மரத்தையும்கூட அழவைத்துவிட்டான். இவள் ஒருத்திதான் மசியவில்லை.

"ஆத்தா, உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். ஒரே ஒரு சொட்டு."

"என் புருஷன் செத்தப்ப உங்க தேவர் கூட்டத்துல ஒருத்தராவது எட்டிப் பாத்தாங்களாடா?"

வாளை உருவலாமா என்று கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டான்.

"சரி, அழவேண்டாம். கேக்கவாவது செய். அவனைக் கிடத்தின கப்பல் கரையைவிட்டு நகரல. நான்தான் தோள் கொடுத்துத் தள்ளினேன். அவன் பொண்டாட்டி அங்கேயே நெஞ்சு வெடிச்சு விழுந்தா. அவளையும் தூக்கி அவன் பக்கத்துல படுக்கவெச்சேன். தீ வெச்சதும் நான்தான்."

கிரீமாவின் கத்தி நின்றது. அவன் முகத்தையே பார்த்தாள். "எல்லாத்தையும் நீயேவாடா செஞ்சே?" என்றவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

கோல்பெய்ன் குதிரையை விரட்டினான். ஹெல்லின் கோட்டைப் பாலத்தை அடைந்தபோது வெயில் ஒரு விரல் அளவுக்கு மிச்சமிருந்தது.

"கதவைத் திற. எல்லாரும் அழுதாச்சு."

"ஒருத்தர் பாக்கி," என்றாள் வாசல்காரி.

"அந்த ராட்சசி ஏமாத்திட்டாளா?"

"அவ அழுதது நிஜம்."

"பின்னே எவன் அந்தக் கல்நெஞ்சுக்காரன்? பேரைச் சொல்லு. கழுத்தைப் பிடிச்சு இழுத்துட்டு வரேன்."

வாசல்காரி கதவுப் பக்கம் திரும்பினாள். கதவுக்கு அந்தப்பக்கமிருந்து குரல் வந்தது. அவனோடு ஒரே மடியில் பால் குடித்து வளர்ந்த பால்டரின் குரல்.

"அண்ணே, ஊரையெல்லாம் அழவெச்சியே, நீ இன்னும் அழவே இல்லியே."

கோல்பெய்ன் தேம்பித் தேம்பி அழத் தொடங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது.