தொண்ணூற்றாறு பயணங்கள்

இரண்டு கார்டுகளில் எது என்பதுதான் பாக்கி. மற்ற பன்னிரண்டையும் பெரும்புள்ளி மூன்று வாரத்தில் கழித்துக்கட்டிவிட்டார்.

பெரும்புள்ளி என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். சொத்துபத்து இருப்பதால் அல்ல. டயர் கம்பெனிக் கிடங்கில் மேலாளர், தினமும் ஓடிப்போய் ரயிலைப் பிடிக்கிற சாதாரண மனுஷர். எந்தக் கிரெடிட் கார்டைத் தேய்த்தால் எத்தனை ரிவார்டு புள்ளி சேரும் என்று டீ நேரத்தில் பாடம் எடுப்பார். அதனால் வந்த பட்டம் அது.

கிண்டல்தான் என்று அவருக்கும் தெரியும். தெரிந்தும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

சனிக்கிழமை காலை. சாப்பாட்டு மேசையில் லேப்டாப். எதிரே மனைவி குளித்துவிட்டு வந்து ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வேலை, பேருந்தில் ஐந்து மணி நேரம் தள்ளி இருக்கிற ஊரில். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். ஒரு வருடத்துக்குத்தான் என்று போனாள், இரண்டு வருடம் ஆகிவிட்டது. இன்னும் இரண்டு வருடம் இருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும்.

போனில் ஒரு தடவை, நேரில் இரண்டு தடவை அவரிடம் யோசனை கேட்டுவிட்டாள். கார்டு முடிவாகட்டும் என்று மூன்று தடவையும் அவர் தள்ளிப் போட்டார். கார்டுக்கும் அவள் வேலைக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பது அவர் கட்சி.

முதல் கார்டு, உள்ளூர் ரயிலுக்குப் புள்ளிகளை அள்ளிக் கொடுக்கும், வெளியூர்ப் பேருந்துக்குக் கிள்ளிக் கொடுக்கும். இரண்டாவது அப்படியே தலைகீழ்.

உள்ளூரில் அவர் போவது ஐந்தே ஐந்து ஸ்டேஷன். ஆனால் இந்த வீட்டுக்கும் அந்த ஊருக்கும் நடுவில், போன வருடம் மட்டும் தொண்ணூற்றாறு பேருந்துப் பயணம். தேதி, கிளம்பிய நேரம், கிலோமீட்டர் என்று ஒவ்வொன்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அட்டவணையில் ஏற்றியிருந்தார். கிடங்குச் சரக்கைக்கூட அவர் இவ்வளவு சிரத்தையாக எண்ணியதில்லை.

சந்தேகமே இல்லை. இரண்டாவது கார்டுதான்.

“இதைக் கேளு. ஆறு தடவை போய்ட்டு வந்தா ஏழாவது தடவை ஃப்ரீ. இன்னும் ரெண்டு வருஷம் என்ன, தாராளமா ஓட்டிடலாம். சரின்னு சொல்லிடு.”

துவட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

கணக்கைக் கேட்டு அசந்துபோய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டார் மகானுபாவர். உற்சாகமாக விண்ணப்பத்தைத் திறந்தார். பெயர், பிறந்த தேதி, உத்தியோகம் எல்லாம் மளமளவென்று முடிந்தது. அடுத்த கேள்வி, கடந்த ஓராண்டில் நீங்கள் மேற்கொண்ட வெளியூர்ப் பயணங்கள் எத்தனை?

96 என்று தட்டினார்.

மனைவி எழுந்து வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள்.

“அங்க சைபர் போடுங்க. தொண்ணூத்தாறும் நான் வந்து போனது.”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு இரண்டு கத்து கத்தித் தப்பித்திருப்பார்.

பெரும்புள்ளி திருதிருவென்று விழித்தார். போனில் அவள் அனுப்பிய ‘ஏறிட்டேன்’களை எண்ணி எண்ணித்தானே அந்தத் தொண்ணூற்றாறே வந்தது! அட்டவணையில் பதினோரு பத்தி போட்டவருக்கு, போனது யார் என்று ஒரு பத்தி போடத் தோன்றவில்லை. அதற்குப் புள்ளி கிடையாதே.

அவர் போகாததற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. ஒரு வாரம் இடுப்பு வலி. ஒரு வாரம் குழாய் ரிப்பேர். ஒரு வாரம் கிடங்கில் ஆடிட். அங்கே வீடு பார்த்து அவளைக் குடிவைத்ததுகூட மச்சினன்தான். மற்ற வாரங்களில் நல்ல ஆஃபர் வரட்டும் என்று இருந்துவிட்டார்.

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. இந்த மனுஷனுக்குப் பக்கத்தில் இருந்தால் என்ன, ஐந்து மணி நேரம் தள்ளி இருந்தால் என்ன என்று திங்கட்கிழமை அவள் சரி சொல்லிவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் கிளம்பிப் போனதும் இந்த வீட்டில் அவருக்குக் கால் தரிப்பதில்லை. அதை ஒரு நாளும் அவளிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இப்போதும் வாய் வரவில்லை. விண்ணப்பத்தை மூடினார். பேருந்து டிக்கெட் எடுக்கிற பக்கத்தைத் திறந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை. ஒரு ஆள். தன் பெயர், தன் வயது. கூப்பன் இருக்கிறதா என்று கேட்ட கட்டத்தை வாழ்க்கையில் முதல் தடவையாகக் காலியாக விட்டார். மனைவி பின்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சுச் சத்தம்கூடக் கேட்டது.

கடைசிக் கட்டத்தில் இறங்கும் இடத்தைக் கேட்டது. தொட்டதும் அந்த ஊரின் ஏழு நிறுத்தங்கள் வரிசையாக வந்து நின்றன.

ஏழையும் படித்தார். மறுபடியும் மேலிருந்து படித்தார். அந்த ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ஏம்மா… உன் வீட்டுக்கு எங்க இறங்கணும்?”