பச்சை நரம்பு

ஜெனோவன் சட்டையைக் கையால் பொத்திக்கொண்டுதான் வகுப்புக்குள் வருவான். கேட்டால், "பட்டன் விழுந்துட்டு டீச்சர்" என்பான். அதற்கு மேல் ஒரு சொல் வராது. பிரிஸ்கிலா டீச்சர் கேட்டு அலுத்துப்போய், மேசை டிராயரில் ஊசி நூலும் பட்டனும் வாங்கிப் போட்டுவிட்டாள். இடைவேளையில் அவனை முன்னால் நிறுத்தித் தைத்து அனுப்புவாள். மறுநாள் அதே பட்டன் இருக்காது. அவளுக்கு வீம்பு வந்துவிட்டது. தூண்டில் போடுகிற பச்சைத் தங்கூஸ் நரம்பை வாங்கிவந்து, சுற்றிச் சுற்றித் தைத்து இறுக்கி முடிச்சுப் போட்டாள். "இனிமே எவன் பிடிச்சு இழுத்தாலும் வராது பாரு." சொன்ன பிறகும் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைக்கவில்லை. பையன்தான் நிமிர்ந்து பார்த்தான். "வேண்டாம் டீச்சர். சாதா நூலே போடுங்க."

மறுநாள் பட்டன் துணியோடு போயிருந்தது. சட்டை வயிறுவரை கிழிந்து தொங்கியது.

அன்று சாயங்காலம் வீட்டில், துணியை வாஷிங் மெஷினில் போடுமுன், எப்போதும்போல மகன் ஆல்வினின் பேன்ட் பையைத் துழாவினாள். அவனும் அதே பள்ளிக்கூடம்தான், ஒரு வகுப்பு மேலே. கையில் ஒரு பட்டன் வந்தது. பச்சை நரம்பின் முடிச்சு அவிழவேயில்லை. கிழிந்த வெள்ளைத் துணி அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து ஆல்வின் கத்தினான்: "அம்மா, என் சட்டையில ஒரு பட்டன் ஆடுது. தச்சு வைங்கம்மா."

அவள் மெஷினைப் போடவில்லை. உள்ளங்கையை விரித்தபடியே அவன் அறைக்குப் போனாள்.