சாயாத செடி

மான்ஸ்டெரா செடியின் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் பாதியில் கையை எடுத்தாள்.

செடி நேராக நின்றது.

நேராக நிற்க வழியில்லை. சன்னலோரத்துச் செடி வெளிச்சத்தின் பக்கம் சாயும். தொட்டியை அவ்வப்போது திருப்பி வைத்தால்தான் நிமிர்ந்து வளரும். அவள் திருப்புவதை விட்டு மாதக்கணக்காகிறது.

மறந்து விடவில்லை. கோபத்தில் விட்டாள்.

அவள் கணவன் உயரமான கட்டடங்களுக்கு வெளிச்சுவரில் வண்ணம் அடிப்பவன். செடிக்குக் கம்பு நட்டுத் தென்னைநார் சுற்றிக் கொடுத்தது அவன்தான். “உன் செடிக்கும் சாரம் கட்டியாச்சு” என்று சிரித்தான்.

பிறகு அவன் நின்ற சாரம் சரிந்தது.

இடுப்பிலும் காலிலும் உடைந்த எலும்புகள் சேர்ந்துவிட்டன. எக்ஸ்ரே படத்தில் தெளிவாகத் தெரிந்தது. அவன் மட்டும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் தரை ஆடுகிறது என்றான். பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். கழிவறைக்குப் போவதென்றால் முழுக் கனத்தையும் அவள் தோளில் போட்டுத் தொங்கிக்கொண்டு வந்தான்.

பயிற்சி கொடுக்க வந்த பெண் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். காலில் பலம் இருக்கிறது. ஊன்ற வேண்டியது அவர்தான்.

அன்று தொட்டியைத் திருப்பக் குனிந்தவள் அப்படியே நிமிர்ந்துவிட்டாள்.

“நீங்க சுவத்தையே பாத்துட்டுக் கிடங்க. அது சன்னலையே பாத்துட்டுக் கிடக்கட்டும். நான் ஒருத்தி எத்தனையத் திருப்புறது?”



அதற்குப் பிறகு, மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு குவளைத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு ஓடுவாள். நின்று பார்த்ததில்லை. இன்று விடுமுறை. இலைகளில் தூசி படிந்திருப்பது கண்ணில் பட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த லென்ஸ் துணியை எடுத்தாள்.

தொட்டியின் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். அவள் கைவிட்டபோது அந்தப் பக்கம் சன்னலைப் பார்த்து இருந்தது.

இப்போது அறையைப் பார்த்து இருந்தது.

கைப்பேசி அடித்தது. நாத்தனார். மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்து தம்பிக்குக் கொடுத்துவிட்டுப் போவது அவள்தான். வீட்டின் இன்னொரு சாவி இருப்பதும் அவளிடம்தான்.

“அந்தச் சக்கர நாற்காலிக்காரன் இன்னைக்குள்ள சொல்லுங்கன்றான். சரின்னு சொல்லிடவா? எத்தன நாளைக்கு அவனைத் தூக்கிட்டுத் திரிவ? உன் தோளு என்ன சுமைதாங்கியா?”

வாங்கினால் அவன் அதிலேயே உட்கார்ந்துவிடுவான் என்று அவள் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். நேற்றுத்தான், தோள் வலி தாங்காமல், வாங்கிவிடலாம் என்று ஒப்புக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, செடித் தொட்டிய நீங்க திருப்பி வச்சீங்களா?”

“எந்தச் செடி? இலையெல்லாம் ஓட்டை ஓட்டையா இருக்குமே, அதுவா? அதை ஏன் நான் தொடப் போறேன்? பூரான் கீரான் இருந்து தொலைக்கும். ஏன், செத்துப் போச்சா?”

“இல்ல. நல்லா இருக்கு.”

அவள் கட்டிலைப் பார்த்தாள். பிறகு சன்னலைப் பார்த்தாள்.

படுத்தபடி கை நீட்டினால் எட்டாது. நடுவில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. தொட்டி கனம். திருப்ப இரண்டு கையும் வேண்டும். காலை ஊன்றிக் குனிய வேண்டும்.

அதுவும் ஒரு தடவை திருப்பினால் செடி நிமிர்ந்துவிடாது.

அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான், தூங்குகிறவனைப் போல. தூங்கினால் அவன் குறட்டை தெருமுனைவரை கேட்கும். இப்போது மூச்சுகூடக் கேட்கவில்லை.

கேட்டுவிடலாம்.

கேட்டால் இல்லை என்பான். அப்புறம் அந்த இல்லையைக் காப்பாற்றுவதற்காகவே மறுபடி படுத்துவிடுவான்.

“என்னடி, இருக்கியா?” என்றாள் நாத்தனார்.

“நாற்காலி வேணாம் அண்ணி.”

“நேத்துதான தலைய ஆட்டுன?”

“நேத்து ஆட்டுனேன். இன்னைக்கு வேணாம்.”

கைப்பேசியை வைத்தாள். மீதி இலைகளைத் துடைத்து முடித்தாள். உச்சியில் புது இலை ஒன்று சுருட்டிய பாய்போல நின்றது. அதை மட்டும் தொடவில்லை.

பிறகு தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அது தரையில் உரசிக் கத்தியது. கட்டிலைத் தாண்டியது. நிலைப்படியில் ஒருமுறை இடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தது.

அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“எங்க இழுத்துட்டுப் போற?”

“கூடத்து சன்னலுக்கு. இங்கதான் வெளிச்சம் நல்லா வருது.”

கட்டில் ஒருமுறை முனகியது.

“அவ்வளவு தூரத்துல வச்சா யாரு திருப்புறது?”



சில்லு பெயர்ந்த பக்கம் சன்னலைப் பார்க்கும்படி தொட்டியை வைத்தாள்.