புரூனோ உட்கார்ந்தால்

மார்ச் 3, காலை ஆறு மணி. ஒன்பது வருடம் ரயில் நிலையத்தில் வெடிகுண்டு தேடிய மோப்ப நாய் புரூனோ, போதும் என்று வேலையை விட்டது.

புது வீட்டில் அது ஒரு செருப்பின் முன்னால் உட்கார்ந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னண்ணே, கால் வலிக்குதா?" என்றது அந்த வீட்டுப் பூனை.

"நான் உட்கார்ந்தா குண்டு இருக்குன்னு அர்த்தம். பிளாட்பாரமே காலியாயிடும்."

"இங்க உட்கார்ந்தா, உட்கார்ந்திருக்கேன்னுதான் அர்த்தம்."

அரிசி மூட்டை, விருந்தாளியின் பெட்டி, துவைக்கப் போட்ட துணி என்று ஒவ்வொன்றின் முன்னும் புரூனோ உட்கார்ந்து பார்த்தது. எல்லோரும் அதைத் தாண்டிப் போனார்கள்.

"ஒரே ஒரு தடவை நீயாவது ஓடேன், தங்கச்சி."

"எதுக்கு ஓடணும்? அந்தப் பக்கம் மீன் இருக்கா?"

ஜூன் 19, மாலை நான்கு மணிக்குப் புரூனோ வாசலில் உட்கார்ந்தது. பூனை, மீன் எதுவும் இல்லாத மொட்டைமாடி வரை ஓடியது.