அந்தப் பக்கத்துச் சலுகை

பஸ்ஸில் முன் சீட்டு கிடைத்ததும் சௌந்தரராஜன் மடியிலிருந்த துணிப்பையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். கடைசி சீட்டில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த நாராயணம்மா அதைக் கவனித்துவிட்டாள். உள்ளே ஊராட்சி ஃபைல்தான் இருக்கும் என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்திருப்பாள்.

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி போகிற பஸ். அவள் ஊராட்சித் தலைவி, அவர் அங்கே கிளார்க். சனிக்கிழமை தவறாமல் அவர் எல்லை தாண்டி கர்நாடகாவுக்குப் போய் வருகிறார் என்பது போன வாரம்தான் அவள் காதில் விழுந்தது.

2007 பொங்கல் முடிந்த கையோடு வந்த வினை இது. மோகன்குமார் என்கிற பில்டர், ஹைவே ஓரம் ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் கட்டப்போவதாக வந்தார். உள்ளூர்ப் பிள்ளைகள் இருநூறு பேருக்கு வேலை என்றார். ஊராட்சி செலவில் ரோடு மட்டும் போட்டுத் தந்தால் போதும் என்றார். கூட்டம் போட்டு, சரி என்றார்கள்.

மறுநாளே மோகன்குமார் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"பார்டருக்கு அந்தப் பக்கத்துப் பஞ்சாயத்துல ரோட்டோட சாக்கடையும் கட்டித் தர்றாங்களாம்மா. எனக்கு இந்த ஊருதான் ஆசை. பார்ட்னருங்க கேக்கணுமே?"

சாக்கடைக்கும் சம்மதித்தார்கள். அடுத்த வாரம், அந்தப் பக்கம் அஞ்சு வருஷத்துக்கு வரியே வேண்டாம் என்கிறார்கள் என்றார். அதற்கும் தலையாட்டினார்கள். கதவைச் சாத்திக்கொண்டு இவர்கள் எதைக் கொடுக்க முடிவு செய்தாலும், அந்தப் பக்கம் அதைவிட ஒன்று கூடக் கொடுத்தது.

"உள்ள பேசறது வெளிய போகுதும்மா. உங்க ஆபீஸ்லயே யாரோ..." என்று இழுத்ததும் மோகன்குமார்தான்.

இப்போது பேரம், காலனிக்குக் குடிதண்ணீர் பைப் போட ஒதுக்கிய ஆறு லட்சத்தில் வந்து நின்றிருந்தது. அதைக் கொடுத்தால்தான் காம்ப்ளெக்ஸ் இந்தப் பக்கம். திங்கட்கிழமை தீர்மானம்.

நேற்று காலனி இருளாயி குடத்தோடு வழிமறித்தாள்.

"பைப்பு வருதுன்னு ஓட்டு கேக்க வந்தப்பவே சொன்னீங்களே, தலைவரம்மா. தண்ணிக்குக் கம்பெனி கேட்டுல போயி இன்னும் எத்தன நாளு நிக்கறது?"

உள்ளே பேசுவதை வெளியே விற்கிறவன் மேல்தான் நாராயணம்மாவுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபமெல்லாம் சேர்ந்துதான் இன்றைக்கு அவளை பஸ் ஏற்றிவிட்டிருந்தது.

அத்திப்பள்ளியில் சௌந்தரராஜன் இறங்கினார். அவளும் இறங்கி, பத்தடி விட்டுப் பின்னாலேயே நடந்தாள். இரண்டு தெரு தாண்டி ஒரு சின்ன வீட்டின் கதவைத் தட்டினார். கைக்குழந்தையோடு வந்து திறந்தது அவர் மகள் ஸ்வாதி.

பையிலிருந்து ராயக்கோட்டைத் தக்காளியும் குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டரும் வெளியே வந்தன. வேறொன்றும் இல்லை.

"தலைவரம்மா! நீங்க எங்க இங்க?" என்றார், திரும்பிப் பார்த்த சௌந்தரராஜன்.

நாராயணம்மா பொய் சொல்ல வராமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

சௌந்தரராஜன் காலிப் பையை மடித்து வைத்தார். "இருபது வருஷ சர்வீஸும்மா. என்கிட்டயே ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டார். "அந்தப் பஞ்சாயத்து ஆபீஸ் இங்கருந்து மூணு கிலோமீட்டர். வந்தது வந்துட்டீங்க, நேர்லயே போய்க் கேட்டுருவோம்."

ஆட்டோவில் போகும்போது நாராயணம்மா மனசுக்குள் வார்த்தைகளைத் தீட்டிக்கொண்டே வந்தாள். ஒருத்தன் கடை கட்டுவதற்காக எங்கள் ஊர்ப் பொம்பளைகளின் குடத்தைக் கவிழ்க்கப் பார்க்கிறீர்களே, நீங்கள் மனுஷர்தானா என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட வேண்டும்.

அந்தப் பஞ்சாயத்தின் தலைவர் ராமப்பன் வயசான விவசாயி. "ஓசூர் பக்கத்துப் பிரசிடெண்ட்டுங்க" என்று சௌந்தரராஜன் சொன்னதும் அவர் முகம் இறுகிவிட்டது. உட்காரக்கூடச் சொல்லவில்லை.

நாராயணம்மா வாயைத் திறப்பதற்குள், கன்னட வாடையடிக்கும் தமிழில் அவர் வெடித்தார்.

"நீங்க குடிதண்ணிக் காசையே அந்த மோகன்குமாருக்குத் தூக்கிக் குடுத்துட்டீங்கன்னுதானேம்மா, நேத்து நாங்க எங்க ஸ்கூல் கிரவுண்டை எழுதிக் குடுத்தோம்!"