எண்ணெய்ப் பொருத்தம்

"பம்பாய் பிளேன் கம்பெனியில உங்களுக்கு என்ன வேலை, மாப்ளே?"

கேட்டவர் சங்கரன்கோவில் எண்ணெய்க் கடை செல்லச்சாமி. அவர் மகள் வள்ளித்தாயைப் பெண் பார்க்க வந்திருந்த உச்சிமாகாளி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் எண்ணெய் ஊத்துத வேலை, மாமா. ஊதா எண்ணெய் போடுத பிளேனுக்கு ஊதாதான் ஊத்தணும். செவப்ப ஊத்துனா உள்ள இருக்க ரப்பரெல்லாம் உப்பிப் போயிரும். அப்புறம் இறங்குத நேரத்துல சக்கரம் கீழ வராது."

"எண்ணெயில இம்புட்டு இருக்கா! சரி, ஊதா தீந்து போச்சுன்னா?"

உச்சிமாகாளி குரலைத் தாழ்த்தினான். "கையில கெடச்சத ஊத்திட்டு, ஊதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுருவேன். எவன் தொறந்து பாக்கான்?"

செல்லச்சாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்க நம்ம ஆளு, மாப்ளே! நானும் கடலை எண்ணெயில பருத்திக்கொட்டை எண்ணெயக் கலந்துதான் இருவது வருசமா விக்கேன். ஊரே வாங்கித் திங்குது. ஒரு பய வாயத் தொறந்ததில்ல."

அங்கேயே கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள்.

"முடிஞ்சதும் பிள்ளையப் பிளேன்லதான கூட்டிட்டுப் போவீக?"

"ஐயையோ, ரயில்லதான் மாமா!" என்று பதறினான் உச்சிமாகாளி. "நான் இன்னைக்கு வரைக்கும் பிளேன்ல ஏறுனதில்ல."

அந்த நேரம் பார்த்து வள்ளித்தாய் சுடச்சுட உளுந்தவடையைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். எடுக்கப் போன கை, வடையில் மினுங்கிய எண்ணெயைக் கண்டதும் பாதியில் நின்றது.

"பயப்படாமச் சாப்பிடுங்க" என்றாள் அவள். "எங்க கடை எண்ணெய் எங்க வீட்டு அடுப்புல ஏறுனதில்ல."