தெள்ளு பார்த்த ஞாயிறு

வெள்ளைக் குட்டியைத் தண்ணீரில் இறக்கியதும், அதன் உடம்பிலிருந்த தெள்ளுப்பூச்சிகள் எல்லாம் முகத்தை நோக்கி ஓடின.

காதுக்குள், கண்ணோரம், மூக்கின் மேல். ஜெர்மேன் பதறிப்போய்க் குட்டியை வெளியே எடுத்துவிட்டாள். அது கத்துவதற்கு வாயைத் திறந்தது. சத்தம்தான் வரவில்லை.

மூன்று பூனைக்குட்டிகள். முந்தின நாள் சைகோனின் பென்தான் சந்தையில் மீன்காரி ஒருத்தி அவற்றைக் கூடையோடு ஆற்றில் எறியக் கொண்டுபோனாள். ஜெர்மேன் தனக்குத் தெரிந்த அந்த ஊர் அரைகுறை அன்னமிய மொழியில் கெஞ்சி வாங்கி வந்துவிட்டாள்.

வீட்டில் வைத்துத் துணியை விலக்கியபோதுதான் ரோமத்துக்கு அடியில் பூச்சி மொய்த்துக் கிடப்பது தெரிந்தது. வெள்ளையும் செவலையும் எப்படியோ தாக்குப்பிடித்தன. சாம்பல் நிறக் குட்டி தலையைத் தூக்கவில்லை. அதன் ஈறு வெளுத்துப்போயிருந்தது. இருந்த கொஞ்ச இரத்தத்தையும் தெள்ளு உறிஞ்சிக்கொண்டிருந்தது.

மண்ணெண்ணெய் தடவச் சொன்னாள் பக்கத்து வீட்டுக்காரி. நக்கிவிட்டால் என்ன ஆகும் என்று ஜெர்மேன் பயந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து திரும்பிய கப்ரியேல் பின்கட்டு வாசலில் நின்று பார்த்தான்.

அவளுடைய கணவன். சைகோன் சுங்க இலாகாவில் குமாஸ்தா. பத்து வருடக் குடித்தனத்தில் அவன் அவளிடம் குரலை உயர்த்தியதில்லை. வேண்டியதற்கு மேல் பேசியதும் இல்லை. இதையெல்லாம் ஏன் வீட்டுக்குள் கொண்டுவந்தாய் என்று இன்று கேட்கத்தான் போகிறான் என்று நினைத்தாள்.

அவன் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு அவளருகே உட்கார்ந்தான்.

முதலில் குட்டியின் கழுத்தைச் சுற்றிச் சோப்பு நுரையால் ஒரு வளையம் போட்டான். அந்த நுரையைத் தாண்டித் தெள்ளு மேலே ஏறாதாம். பிறகுதான் உடம்பை நனைக்கவேண்டுமாம். அவளுடைய பேன்சீப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

பிடரியிலிருந்து வால்வரை சீப்பை இழுத்து, சோப்புத் தண்ணீரில் முக்கினான். துள்ள வழியில்லாமல் பூச்சிகள் அமிழ்ந்தன. தப்பி ஓடியதைப் பிடித்துக் கட்டைவிரல் நகங்களுக்கு இடையில் வைத்து நசுக்கினான். கிண்ணத்துத் தண்ணீர் துரு நிறமானது.

இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டாள் ஜெர்மேன்.

பிரான்சில் என்றான். சண்டையில்.

சண்டையைப் பற்றி அவன் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. இப்போது கண் குட்டியின் மேல் இருக்க, கை தன் வேலையைச் செய்ய, பேச்சு தானாக வந்தது.

பதுங்கு குழியில் குண்டுச் சத்தம்கூடப் பழகிப்போனதாம். பேன்தான் தூங்கவிடாதாம். சட்டையைக் கழற்றித் தையல் ஓரமாக மெழுகுவர்த்திச் சுடரை ஓட்டினால் கடுகு வெடிப்பதுபோல வெடிக்குமாம். காரைக்காலில் பெண்கள் மத்தியானத்தில் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக உட்கார்ந்து பேன் பார்ப்பார்களே, அதேபோல பட்டாளத்து ஆட்களும் உட்கார்ந்துகொள்வார்களாம். வெயில் அடித்தால் அன்றைக்குத் திருவிழாதான். யாராவது ஊர்ப்பாட்டு ஒன்றை எடுப்பார்கள். மீன்குழம்பைப் பற்றிப் பேசிப் பேசியே பசியாறுவார்கள்.

ஜெர்மேன் குட்டிகளைத் துவட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளைக் குட்டி அவள் மடியில் தூங்கிப்போனது. செவலையும் முடிந்தது.

சாம்பல் குட்டிக்குத் தண்ணீர் தாங்காது என்றான் கப்ரியேல். துண்டில் சுற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டு, வெறும் சீப்பால் மெல்ல வாரினான். பிடரி ரோமத்தை விலக்கிப் பார்த்தான்.

"ஆந்த்ரேக்கும் இங்கதான் நிறைய இருக்கும். கழுத்துக்குப் பின்னால."

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது என்னவென்று அவனுக்கு உறைத்தது. சீப்பு நின்றுவிட்டது.

அந்தப் பெயர் அந்த வீட்டில் அதுவரை ஒலித்ததே இல்லை.

ஜெர்மேன் கையிலிருந்த ஈரத்துணியை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

"அவருக்கு அங்க கூச்சமாச்சே," என்றாள். "என்னையே தொட விடமாட்டாரு."

ஆந்த்ரே அவளுடைய முதல் கணவன்.

கல்யாணமாகி ஒரு மழைக்காலம்தான் அவளோடு இருந்தான். பிறகு பட்டாளத்தோடு கப்பலேறினான். அவன் இறந்த சேதியையும் அவனுடைய செபமாலையையும் காரைக்காலுக்குக் கொண்டுவந்தவன் கப்ரியேல். வந்தவன் அடிக்கடி வந்து நலம் விசாரித்தான். கடைசியில் அவளையே கட்டிக்கொண்டு சைகோனுக்கு அழைத்து வந்தான். அவள் மனம் நோகுமே என்று அவனும், அவன் மனம் நோகுமே என்று அவளும், இத்தனை காலம் அந்தப் பெயரைச் சொல்லாமலே இருந்துவிட்டார்கள்.

கப்ரியேல் குட்டியின் முதுகைத் தடவினான்.

"அந்தக் குளிர்ல கூச்சமெல்லாம் மரத்துப்போச்சு," என்றான். "சிரிப்பு மட்டும் போகல. நான் கழுத்துல கை வச்சாலே சிரிப்பான்."

ஜெர்மேனுக்கு அந்தச் சிரிப்பு கேட்டது. தொண்டையில் ஆரம்பித்து மூக்கால் வருகிற சிரிப்பு. மறந்துபோனதாகவே நினைத்திருந்தாள்.

விரலைப் பாலில் தோய்த்துச் சாம்பல் குட்டியின் வாயருகே கொண்டுபோனாள். அது கொஞ்சம் யோசித்தது. பிறகு சொரசொரப்பான சின்ன நாக்கு அவள் விரலில் பட்டது. இன்னொரு முறை தோய்த்துக் கொடுத்தாள். அதையும் நக்கிக்கொண்டது.

கப்ரியேல் சாம்பல் குட்டியைத் துண்டோடு கீழே கிடத்தி, சீப்பைத் துடைத்து வைத்துவிட்டு எழுந்திருக்கப் போனான்.

ஜெர்மேன் தன் மடியில் தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக் குட்டியைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.

"இதை ஒருதரம் பாத்துடுங்க."

அது முதலிலேயே பார்த்து முடித்த குட்டி.

கப்ரியேல் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு முக்காலியில் நன்றாக உட்கார்ந்து, சீப்பை மறுபடி கையில் எடுத்தான்.